வல்லிக்குப் பால் கலக்கும் முறை

நாரணாபுரம்
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சினேகா எழுதுவது. அப்பா, அம்மா, வல்லி, நான் நால்வரும் இங்கே சுகம். நீ போய்ச் சேர்ந்த சுகத்தையும், அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்பதையும் எழுது.

பஸ் ஏறும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மறக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பத்து நிமிசம்தான் போன் குடுப்பாகளாம். அந்தப் பத்து நிமிசமும் எல்லாரும் சுத்தி நின்னு நல்லாருக்கா, நல்லாருக்கான்னுதான் சொல்வீக. நீ மட்டும் உள்ளதை உள்ளபடி கடுதாசியில எழுது." அதனால் எழுதுகிறேன். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நீ போன அன்றும் மறுநாளும் வல்லி புட்டியை வாயில் வைக்க விடவில்லை. ஏழு மாதமாக உன்னிடம் தாய்ப்பால் குடித்தவள், ரப்பரை நாக்கால் தள்ளித் தள்ளி அழுதாள். நர்ஸ் வீரலட்சுமி அக்கா வந்து புட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "இதைக் கழுவி முடியாது. சின்னக் கிண்ணத்துல குடுங்க, இந்த வயசுக்கு நல்லாக் குடிப்பா" என்றார். மூன்றாம் நாள் குடித்துவிட்டாள். கிண்ணத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டே குடிக்கிறாள்.

அதிகாரிகள் சீல் வைத்த நாளிலிருந்து அப்பாவின் பட்டாசுக் கம்பெனி இன்னும் திறக்கவில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுகிறார், எனக்குப் பரீட்சை. ஆகையால் பகலில் பால் கலக்குவது அப்பாதான். பால்மாவு டின்னில் உள்ளதை நான் மூன்று முறை படித்து, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் சட்டமாக எழுதி அடுப்படியில் மாட்டியிருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கி, அரை மணிக்குள் சூடு இருக்கும்போதே பொடியைப் போடுவது, முதலில் தண்ணீர் பிறகுதான் பொடி, மீந்த பாலை வைத்திருந்து கொடுக்காமல் ஊற்றிவிடுவது, எல்லாம் இருக்கிறது. அப்பா படித்துவிட்டு, "ஏத்தா, கம்பெனியில போர்மேன் ஒட்டி வச்சதைவிட உன் சட்டம் கூடுதலா இருக்கே" என்றார். அம்மா விடுவாரா? "இருவத்திரெண்டு வருசமா அடுப்புப் பக்கம் வராத மனுசன், பேத்திக்குன்னதும் வெந்நி போடக் கத்துக்கிட்டாக" என்றார்.

ஆனால் அப்பா கலக்குவதைப் பார்க்க வேண்டும், அக்கா. டின்னுக்குள் இருக்கும் குட்டிக் கரண்டியில் பொடியை அள்ளி, இன்னொரு கரண்டியின் முதுகால் அழுத்தி, இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி அழுத்தி, கடைசியில் கத்தியால் சீவுகிறார். ஒரு துளிப் பொடி சிந்துவதில்லை.

மச்சான் வடக்கே லாரி லோடு இறக்கிவிட்டதாகப் போன் செய்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
சினேகா


பெண் காவலர் பயிற்சி முகாம்
ஏப்ரல் 18

அன்புத் தங்கை சினேகாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். வீட்டில் எல்லாருடைய சுகத்தையும், முக்கியமாக அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்பதையும் எழுதவும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படிக்கத் தனியாக இடம் கிடையாது. துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். அப்பா பொடி சிந்தாமல் கலக்குகிறார் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அவர் கை அப்படித்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் பூச்சட்டி வாணத்துக்கு மருந்துத் தூளை அழுத்தி அடைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

இங்கே ஐந்து மணிக்கு விசில். ஓட்டம், அணிவகுப்பு, பிறகு சட்ட வகுப்பு. நானூறு மீட்டரில் நான்தான் கடைசிக்கு முந்தியவள். எண்பத்தெட்டு விநாடி. குறைக்கவேண்டும் என்கிறார்கள். காலை அணிவகுப்பு முடிவதற்குள் என் சட்டை முன்பக்கம் நனைந்துவிடுகிறது. வியர்வை என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

வல்லியின் எடை என்ன? தூங்கும்போது இன்னும் வலது கையை மடக்கித்தான் வைக்கிறாளா?

அக்கா
பாண்டிச்செல்வி


நாரணாபுரம்
ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

சினேகாவின் வணக்கம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பரீட்சை முடிந்துவிட்டது, இனி நாள் முழுக்க வீட்டில்தான். வல்லி வலது கையை மடக்கித்தான் தூங்குகிறாள். எடை போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது. டின் சொன்ன நாளுக்கு ஐந்து நாள் முன்பே தீர்ந்துவிட்டது. நிறையக் குடிக்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய் அல்லவா? அவளுக்குச் சரியாக வெளிக்குப் போவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, ஆட்டுப் புழுக்கை மாதிரி, முக்கி அழுதுகொண்டே போகிறாள். அம்மா உடம்புச் சூடு என்கிறார். எதிர்வீட்டுக் கற்பகம் அத்தை பல் முளைக்கிறது என்கிறார். வெயிலும் தாங்க முடியவில்லை. தகரக் கூரை பத்து மணிக்கே படபடவென்று சத்தம் போடுகிறது. வல்லி உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாள். யார் செம்பைத் தூக்கினாலும் எட்டிப் பிடிக்கிறாள்.

கொஞ்சம் ஆறின தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். அம்மா கத்திவிட்டார். "பச்சைப் பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு அந்த நர்சம்மா தலைபாடா அடிச்சுச் சொன்னாகளே, மறந்துட்டியா?" என்றார். அது ஆறு மாதம் வரைக்கும்தானே என்றேன். "நீ பெத்து வளத்தவ, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்பா, "பால்லயே தண்ணி இருக்குல்லத்தா. பசியாத்தான் இருக்கும்" என்று இன்னொரு கிண்ணம் கலக்கினார். அதையும் குடித்தாள். குடித்துவிட்டு மறுபடி உதட்டை நக்கினாள்.

இருக்கன்குடிக் கோயிலில் வல்லிக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். நீ கவலைப்படாதே. உன் ஓட்டம் எத்தனை விநாடி குறைந்தது?

அன்புடன்,
சினேகா


பெண் காவலர் பயிற்சி முகாம்
மே 7

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் உடனே எழுதவும். உடனே என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன், பார்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. பரிசோதனைக்கு என்று ஆபீசிலேயே நான்கு நாள் கிடந்திருக்கிறது. வல்லியை வீரலட்சுமி அக்காவிடம் காட்டினீர்களா? காட்டாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் காட்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் சத்தமே கேட்கவில்லை. தூங்குகிறாள் என்றார் அம்மா. போன ஞாயிறும் அதையேதான் சொன்னார்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் பேட்சில் ஒருத்திக்கு வீட்டில் துக்கம். போய்விட்டுத் திரும்ப நாள் கூடிவிட்டது. இனி அடுத்த பேட்சில்தான் சேரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அடுத்த பேட்ச் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் போனதைப் பார்த்தேன்.

ஆனாலும் வல்லிக்கு ஒன்று என்றால் நீ எனக்கு எழுதவேண்டும். அதற்காகத்தான் உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொன்னேன்.

செல்வி


நாரணாபுரம்
மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. வல்லியை டாக்டரிடம் காட்டியாயிற்று. இப்போது நலமாக இருக்கிறாள். நேற்று சாத்தூர்ப் பக்கம் மழை பெய்ததாம், இங்கே தூறல்தான். நான் நூலகத்தில் புதிதாக இரண்டு புத்தகம் எடுத்திருக்கிறேன்.

தாள் சின்னதாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். வீட்டில் நல்ல தாள் இல்லை. கொஞ்சம் வேலை இருக்கிறது.

சினேகா


பெண் காவலர் பயிற்சி முகாம்
மே 21

அன்புத் தங்கை சினேகாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய். வல்லி நலம் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டப் பழக்குகிறார்கள். என் விரல் வேகமாக இருக்கிறது என்று பயிற்சியாளர் சொன்னார். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றேன். நானூறு மீட்டர் எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. இப்போது நான் நடுவில் இருக்கிறேன்.

அப்பா சாப்பிடுகிறாரா? அவரை எதுவும் சொல்லாதீர்கள். காரணம் இல்லை, சும்மாதான் எழுதுகிறேன்.

உனக்கு எழுத நேரம் இருக்கும்போது எழுது. அவசரம் இல்லை.

செல்வி


நாரணாபுரம்
ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படித்துக்கொள். இன்றைக்கு, இந்த நிமிஷத்தில், வல்லி உண்மையாகவே சுகமாக இருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து உன் பழைய கடிதத்தின் உறையைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

மே பதின்மூன்றாம் தேதி நான் எழுதியது பொய். அந்தக் கடிதத்தை நான் வீட்டில் எழுதவில்லை. பெரியாஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில், மருந்துச் சீட்டுத் தாளில் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதினேன்.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வல்லி அழுதாள். அழுகை கேட்டது, கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. உடம்பு கொதித்தது. விடிந்ததிலிருந்து துணி நனையவில்லை. ஓடிப்போய் வீரலட்சுமி அக்காவைக் கூட்டி வந்தேன். அவர் நாக்கைப் பார்த்தார், "ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா வந்து, "பால் யாரு கலக்குறது?" என்று கேட்டார்.

"நான்தாங்கம்மா" என்றார் அப்பா.

"டின் இருக்கா? எப்படிக் கலக்குவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

நான் டின்னைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். வெந்நீர் கேட்டார். மேசைமேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அக்கா, நம் அப்பா எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்று அப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கரண்டியை அள்ளினார், முதுகால் அழுத்தினார், மேலே போட்டார், மறுபடி அழுத்தினார்.

"ஏன் அழுத்துறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அழுத்தாட்டி அளவு குறையும்லம்மா. தளர்வா விட்டா நிக்காது."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பூச்சட்டி அடைக்கேன். இருவத்திரெண்டு வருசம்."

டாக்டரம்மா ஒரு சின்னத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அழுத்தாமல் எடுத்துச் சீவின பத்துக் கரண்டி நாற்பத்தைந்து கிராம் இருந்தது. அப்பா எடுத்த பத்து அறுபத்தொன்று. "தண்ணி அதே அளவுதான் ஊத்துறீங்க. அப்போ பால் எம்புட்டுக் கெட்டி பாருங்க. உப்பும் சத்தும் கூடிப்போச்சு, அதை வெளியேத்த உடம்புல தண்ணி இல்ல. இந்த வெயிலுக்குத் தாகத்துல தவிச்சிருக்கா. தாகத்துக்கும் நீங்க அதையே குடுத்திருக்கீங்க" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "நான் கூடுதலாத்தாம்மா குடுத்தேன். பிள்ளைக்குக் குறைச்சுக் குடுக்கல" என்றார். அதையே வராந்தாவில் வருகிறவர்கள் போகிறவர்களிடமும் சொன்னார்.

ரத்தத்தில் கூடின உப்பை மெதுவாகத்தான் இறக்கவேண்டும், அவசரப்பட்டு இறக்கினால் மூளைக்கு ஆபத்து என்றார்கள். இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சனிக்கிழமை மத்தியானம் வல்லியின் கையும் காலும் ஒருமுறை வெட்டி இழுத்தது. நான் பார்த்தேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். வந்ததும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். "அவ ஓடி வந்துட்டான்னா அந்தக் காக்கிச் சட்டை போச்சு. திரும்ப வந்து என்ன செய்வா, உங்கப்பா பக்கத்துல உக்காந்து பூச்சட்டிதான் அடைப்பா. நம்ம வீட்டுல ஒருத்தியாச்சும் மருந்துல கை வைக்காம இருக்கட்டும். நீ எழுதக் கூடாது." நான் சரி என்றேன். உன்னிடம் சொன்ன சரியையும் நினைத்தேன். இரண்டு சரியில் உன்னுடையதை உடைத்தேன்.

பதினேழாம் தேதி வீட்டுக்கு வந்தோம். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டார், பயமில்லை என்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அழுத்தாமல் அள்ளவேண்டும் என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. நான் படித்தேன். காலண்டர் அட்டையில் இடம் குறைவாக இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டேன். அப்பாவுக்கு அளவைப்பற்றி நாம் சொல்லவேண்டுமா என்று நினைத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா தன்மேல்தான் எல்லாத் தப்பும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் நினைக்க விட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இப்போது டின்னைத் தொடுவதில்லை. கம்பெனி திறந்து ஆள் அனுப்பினார்கள், அதற்கும் போகவில்லை. பத்தாம் தேதி எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பகலில் யார் கலக்குவது என்று தெரியவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது.

சினேகா


பெண் காவலர் பயிற்சி முகாம்
ஜூன் 13

அன்புள்ள சினேகா,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

எனக்குத் தெரியும்.

மே பன்னிரண்டாம் தேதி அம்மா மாடிப்படியில் நின்று, வல்லி தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண்ணின் குரல், "பதினொண்ணாம் பெட்டுப் பிள்ளைக்கு அம்மா யாரும்மா?" என்று கேட்டது. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இந்தா, நான்தான்" என்றார். பிறகு என்னிடம், "சரித்தா, கறிக்காரன் வந்திருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதைக் கேட்டபிறகு ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் விடுப்புக் கடிதம் எழுதினேன். நான்கு வரிதான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே பெரிய அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மருந்துத் தூள் ஒட்டி வெள்ளியாகிப்போன அப்பாவின் நகமும் ஞாபகத்துக்கு வந்தது. மைதானத்தில் விசில் ஊதினார்கள். நான் திரும்பி ஓடிப்போய் வரிசையில் நின்றேன்.

அன்றைக்குத்தான் நானூறு மீட்டரை எண்பத்தொரு விநாடியில் ஓடினேன், சினேகா. என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்த மறுநாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு என் சட்டை நனைவதும் நின்றுவிட்டது. அந்த வாரத்தோடு பால் வற்றிவிட்டது.

உன் பொய்க் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. நலம் என்று எழுதியிருக்கிறாள், நான் அதை நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. பகலில் பிள்ளையைப் பார்த்தவர் அப்பா என்பதால்தான், அவரை எதுவும் சொல்லாதீர்கள் என்று மட்டும் எழுதினேன். நீ என்னைத் திட்டச் சொல்கிறாய். உன்னை நான் என்னவென்று திட்டுவது?

அட்டையில் விட்ட வரியைப்பற்றி எழுதியிருந்தாய். அப்பா அழுத்துகிறார் என்று ஏப்ரலிலேயே நீ எனக்கு எழுதிவிட்டாய். நான் மூன்று தடவை படித்துச் சிரித்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாம் மூன்று பேரும் அதை ஒரு நல்ல கை வேலையாகத்தான் பார்த்திருக்கிறோம். இதை அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. உன் வரியையும் சேர்த்துச் சொல்.

ஜூலை ஆறும் ஏழும் எங்களுக்கு விடுமுறை. காலை ஆறு மணிக்கு வந்து இறங்குவேன். ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நான் ஒருநாள்கூட வல்லிக்குப் பால் கலக்கியதில்லை. எனக்கு அவசியம் வரவில்லை. எப்படிக் கலக்குவது என்று விவரமாக எழுது.

செல்வி


நாரணாபுரம்
ஜூன் 24

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் அதைக் கணக்குப் புத்தகத்தில் மடித்து வைத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவள் கை கால் இழுத்ததை நான் பார்த்தேன், நீ ஓடினாய் என்று நினைத்தேன். பிறகு, நீ வந்துவிடக் கூடாது என்றுதானே நாங்கள் அத்தனை பொய்யும் சொன்னோம், நீ வராததற்கு எப்படிக் கோபப்படுவது என்று யோசித்தேன். கோபம் போகவில்லை, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் சும்மா இருக்கிறது.

நான்காம் நாள் அப்பாவிடம் அட்டையில் விட்ட வரியைச் சொன்னேன். அவர் அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நீ எழுதியிருந்தாலும் நான் அழுத்தித்தாம்த்தா இருப்பேன். கை கேக்காது" என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா என்று தெரியவில்லை.

பிறகு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பால் வற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். அதை அம்மாவிடம் தனியாகப் படித்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையைத் தேய்த்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எம்புட்டுச் செகண்டுன்னு எழுதியிருக்கா?" எண்பத்தொன்று என்றேன். வெளியே போய் அம்மாவிடம், "எண்பத்தெட்டுல இருந்து எறங்கியிருக்கா" என்றார். மறுநாள் கம்பெனிக்குப் போய்விட்டார். கரண்டியை மட்டும் இன்னும் தொடவில்லை.

இப்போது பகலில் வல்லியைக் கற்பகம் அத்தைதான் பார்க்கிறார். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் நான் ஒவ்வொரு வேளைக்கும் பொடியை அளந்து, நன்றாகக் காய்ந்த மூடி போட்ட டப்பாக்களில் வைத்துவிடுகிறேன். வேளை வரும்போது அத்தை தண்ணீரைக் கொதிக்கவைத்து, அளந்து ஊற்றி, அதில் கொட்டிக் கலக்கினால் போதும். இடையிடையே ஆறவைத்த கொதிநீர் இரண்டு மூன்று மடக்குக் கொடுக்கிறார். மத்தியானம் பருப்புச் சாதம், மாலையில் கேப்பைக் கூழ். வீரலட்சுமி அக்கா வாரத்துக்கு ஒருமுறை வந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறார். முன்னைப்போல் என்னைப் பாராட்டுவதில்லை, பார்த்துவிட்டு மூடுகிறார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். பஸ்சில் வந்த கையோடு எதையும் தொடாதே, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு. கிண்ணமும் கரண்டியும் கொதிநீரில் கிடக்கும், இடுக்கியால் எடு, துடைக்காதே. தண்ணீரை நான் கொதிக்கவைத்து இறக்கியிருப்பேன். அதை நூற்றிருபது மில்லி அளந்து முதலில் ஊற்று. நம் டின்னுக்கு அதில் நான்கு கரண்டி. வேறு டின் மாறினால் அதில் போட்டிருப்பதைத்தான் பார்க்கவேண்டும், ஞாபகத்தில் போடக் கூடாது. பொடியைச் சும்மா அள்ளு, கத்தியின் முதுகால் சீவு. உனக்கும் அப்பாவின் கைதான் என்பதால் எழுதுகிறேன், அழுத்தவும் கூடாது, டின்னில் தட்டவும் கூடாது. பார்த்தால் குறைவாக இருக்கிற மாதிரி தோன்றும். தோன்றட்டும். பிள்ளைக்குக் குறைக்கிறோமே என்று உனக்கு மனசு அடித்துக்கொள்ளும், இன்னும் ஒரு சிட்டிகை போடலாமே என்று இருக்கும். எனக்குத் தினமும் இருக்கிறது. போடாதே. கட்டியில்லாமல் கலக்கி, கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்று. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார், சூடு தெரியக் கூடாது. அவள் போதும் என்று தலையைத் திருப்பினால் போதும்தான், மீந்ததைக் கொட்டிவிடு.

ஆறாம் தேதி காலை ஆறரை மணிப் பாலை நான் கலக்க மாட்டேன். உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம், உன் முடியையும் வெட்டியிருப்பார்கள். முதலில் என்னிடம்தான் தாவுவாள், அழுவாள். அப்போது நீ என்னைக் கூப்பிடக் கூடாது. நான் வீட்டில் இருக்க மாட்டேன். நீ உள்ளே நுழைந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடுவேன், அவள் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நிற்பேன்.

பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்காராதே, எதிர்காற்று ஒத்துக்கொள்ளாது. சுகமாக வந்து சேர்.

சினேகா